நடு இரவில் யாரைக் கூப்பிடுவது?
தோட்டத்து டிரஸ்ஸர் ஐயாவைப் பற்றிச் சில செய்திகள்

கம்போங் குவாந்தானுக்கு இரவில் வருகிறவர்கள் மின்மினிப் பூச்சிகளைப் பார்க்க வருகிறார்கள். சிலாங்கூர் ஆற்றங்கரையில் நிற்கும் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒரே தாளத்தில் மினுக்குவதைப் படகிலிருந்து பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு இருட்டு ஓர் அழகு. அதே ஆற்றின் இரு பக்கமும், ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று செம்பனைக்குள் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இருட்டின் குணம் வேறு. பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறிக் கண் சொருகுகிறது. பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அப்போது லயத்து வாசலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இந்நேரத்துக்கு யாரு இருக்கா?"

பெரிய டாக்டர் எங்கே என்று யாரும் கேட்பதில்லை, கவனித்தீர்களா? அவர் டவுனில் இருப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடிய, நோயைப் பற்றி நாலு விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உண்டா என்பதே கேள்வி. நெடுங்காலம் அந்தக் கேள்விக்குத் தோட்டத்தில் ஒரு பதில் இருந்தது. அவர்தான் டிரஸ்ஸர்.

நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலம் தீவு என்று நான்காம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். நம் சிலாங்கூரிலேயே அப்படி ஒரு தோட்டம் உண்டு. எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கிய கேரித் தீவை லங்காட் ஆறு நிலத்திலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. பாலம் வரும் வரை அங்கே பிரசவ வலி கண்டவளும் படகுக்குத்தான் காத்திருக்க வேண்டும். ஆனால் யோசித்துப் பார்த்தால், தார் ரோட்டிலிருந்து ஐந்து மைல் செம்மண் பாதையில் உள்ளே தள்ளிக் கிடந்த எந்தத் தோட்டமும் தீவுதான். சூழ்ந்திருந்தது தண்ணீருக்குப் பதிலாகப் பால்மரம், பிறகு செம்பனை. மழை பெய்தால் லோரியும் வராது.

டிரஸ்ஸர் என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? காயத்தைக் கழுவிக் கட்டுப் போடுகிறவரை ஆங்கிலேய ஆஸ்பத்திரிகளில் அப்படி அழைப்பது வழக்கம். கட்டுப் போடும் வேலையோடு நின்றிருந்தால் பெயர் பொருந்தியிருக்கும். இங்கே அவர் செய்யாத வேலை இல்லை. காட்டை அழித்து ரப்பர் போட்ட நாளில் மலாயாக் காய்ச்சல் நம் மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டு போனது. கொசு வழியாக மலேரியா பரவும் வகையை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார். 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்துக்குக் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடியவிட்டு அதைப் பரீட்சித்துக் காட்டினார். இந்த இருவரின் பெயரும் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் பிரட்டுக் களத்தில் ஒவ்வொருவர் வாயையும் திறக்கச் சொல்லிக் கொய்னாவை ஊற்றியவரும், விழுங்காமல் துப்புகிறவனைக் கண்டுபிடித்து மறுபடி ஊற்றியவரும், தேங்கிய தண்ணீரில் எண்ணெய் தெளிக்க ஆள் அனுப்பியவரும் டிரஸ்ஸர்மார்தாம்.

அவர் நாள் விடியுமுன் தொடங்கும். பிரட்டுக்கு வராதவர்கள் ஆஸ்பத்திரிக் கொட்டகை வாசலில் நிற்பார்கள். நாக்கை நீட்டச் சொல்வார், கண்ணிமையை இழுத்துப் பார்ப்பார், கைநாடி பிடிப்பார். பிறகு சீட்டு எழுதுவார். அந்தச் சீட்டில்தான் அன்றைய வயிறு இருந்தது. 'வேலைக்குப் போகலாம்' என்று எழுதினால் காய்ச்சலோடு மரம் வெட்ட வேண்டும். 'ஓய்வு' என்று எழுதினால் கண்டக்டர் அவரை முறைப்பார். எங்கள் பாட்டி சொல்வதுண்டு: "டிரஸ்ஸர் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சா லீவு உண்டு. கண்ணாடி மூக்கிலேயே இருந்தா நிரையைப் பார்த்து நடக்க வேண்டியதுதான்."

இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். அவர் குடியிருந்தது ஸ்டாப் குவார்ட்டர்ஸில். பெரிய துரையின் முகத்தை அவர் பார்க்காமல் இருக்க முடியாது. இந்த இக்கட்டில் நேர்மையாக நின்றவர்களும் உண்டு, துரைக்காகவே மருத்துவம் பார்த்தவர்களும் உண்டு. வயிற்று வலிக்கும் தலைவலிக்கும் ஒரே போத்தல் மருந்தைக் கொடுத்துவிட்டு, இல்லாதவன் வீட்டுக் கோழியைக் கணக்கில் வைத்தவர்களைப் பற்றியும் நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். டிரஸ்ஸர் எல்லாரையும் தெய்வமாக்கிப் பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் ஒன்று: நல்லவரோ பொல்லாதவரோ, நடுச்சாமத்தில் கதவைத் தட்டினால் விளக்கை ஏற்றி எழுந்து வருகிற தூரத்தில் அவர் இருந்தார். மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை காரில் வந்து போன 'விசிட்டிங் டாக்டரு'க்கு நம் பெயர் தெரியாது. டிரஸ்ஸருக்கு, இன்னாருக்கு இழுப்பு உண்டு, இன்னாருக்கு முதல் பிரசவத்தில் ரத்தம் அதிகம் போயிற்று என்று மூன்று தலைமுறைக் கதை மனப்பாடம்.

சட்டமும் பள்ளிக்கூடமும்

முதலாளியின் கருணையால் வந்தவரல்லர் அவர். நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பை 1912, 1923 ஆண்டுகளின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தோட்டத்தின் மீது சுமத்தின. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றதும் அதே 1923-ஆம் ஆண்டுத் தொகுப்புதான். ஆகவே எங்கள் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரிக் கொட்டகையையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லலாம். ஒரு பிள்ளை இன்றும் உயிரோடு இருக்கிறது. மற்றதுதான் தேய்ந்துவிட்டது.

இங்கே ஒரு விவரத்தை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. தோட்டத்தில் வேலை செய்யும் மருத்துவ உதவியாளர்களுக்கென்றே 1965-இல் தனிப் பதிவுச் சட்டம் வந்தது. அரசாங்கத்திலும் பிற இடங்களிலும் பணிபுரிவோருக்கு 1977-ஆம் ஆண்டு மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. முன்பு 'ஹாஸ்பிடல் அசிஸ்டன்ட்' என்று நாம் அழைத்தவரை இன்று அரசாங்கக் கிளினிக்கில் 'பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான்', அதாவது உதவி மருத்துவ அதிகாரி என்கிறார்கள். மூன்று ஆண்டு பட்டயப் படிப்பு முடித்தவர் அவர். பெயர் மாறினாலும் வேலையின் வேர் ஒன்றே.

நம்முடைய பழைய டிரஸ்ஸர்களில் பலர் மலையாளிகள், யாழ்ப்பாணத் தமிழர்கள். ஆங்கிலம் படித்திருந்ததால் அந்த நாற்காலி அவர்களுக்குக் கிடைத்தது. யாழ்ப்பாணம் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 1847-இல் அங்கே வந்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்தார். அதற்காக ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழுக்குப் பெயர்த்தார். ஆங்கிலத்தில் படித்தவன் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுகிறான், தமிழில் படித்தவன் தன் ஊரிலேயே தங்கி வைத்தியம் பார்ப்பான் என்பது அவருடைய கணக்கு. 1873-இல் அவர் ஊர் திரும்பினார். அந்தக் கணக்கை இன்றைக்கும் யாரும் தள்ளிவிட முடியாது.

கடல் சூழ்ந்த ஊர்கள்

உண்மையான தீவுகளில் வாழ்கிறவர்கள் இதே கேள்விக்கு என்ன பதில் கண்டார்கள் என்று பார்ப்போம். பிஜித் தீவுகளில் 1875-இல் தட்டம்மை புகுந்தது. மக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் மாண்டுபோனார்கள். 1879-இல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு போன முதற் கப்பலான 'லியோனிடாஸ்' காலராவையும் பெரியம்மையையும் சேர்த்தே கொண்டு போயிற்று. கப்பலை ஒதுக்கி நிறுத்தி, ஆட்களைத் தனியே வைத்துத் தடுத்தார்கள். சிதறிக் கிடக்கும் தீவு ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைக்கார டாக்டரை எங்கே தேடுவது? 1885-இல் சுவாவில் ஒரு சிறு மருத்துவப் பள்ளியைத் திறந்தார்கள். அம்மை குத்தக் கற்றுக்கொடுப்பதே முதல் நோக்கம். 1888-இல் முதல் அணி படித்து வெளியேறியது. பிஜியின் பிள்ளைகளே தங்கள் மக்களுக்கு வைத்தியம் பார்க்கப் போனார்கள்.

பணக்கார நாடான அமெரிக்காவுக்கும் இந்தச் சிக்கல் வந்தது. டாக்டர்கள் நகரத்தில் குவிந்துகொண்டார்கள், கிராமங்கள் காலியாகின. 1965-இல் வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்தின் டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்து பழகிய நான்கு பேரைச் சேர்த்துப் புதுப் படிப்பு ஒன்றைத் தொடங்கினார். அவர்களில் மூவர் 1967-இல் தேறினர். 'பிஸிஷியன் அசிஸ்டன்ட்' என்று உலகமெங்கும் இன்று பேசப்படும் தொழில் அப்படிப் பிறந்தது. அவர்கள் தொடங்கிய அதே 1965-இல் நம் நாட்டில் டிரஸ்ஸர்களுக்குப் பதிவுச் சட்டமே வந்துவிட்டது! அவர்கள் புதுமை என்று கொண்டாடியது நம் லயத்துக்குப் பழைய சங்கதி.

அந்த நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில், செசபீக் விரிகுடாவில், டேஞ்சியர் என்றொரு குட்டித் தீவு. நண்டு பிடித்துப் பிழைக்கும் மக்கள், 500 பேர்கூட இல்லை. டாக்டர் டேவிட் நிக்கல்ஸ் என்பவர் 1979 முதல் முப்பது ஆண்டுக்கு மேல் வாரம் ஒரு முறை ஆகாய வழியாக அங்கே போய் வைத்தியம் பார்த்தார். மற்ற ஆறு நாள்? அந்தத் தீவிலேயே பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண் அவரிடம் கைவேலைக்குச் சேர்ந்தார். கூட இருந்தே கற்றார். பிறகு விட்ட படிப்பைத் தொடர்ந்து முடித்து முறைப்படி பிஸிஷியன் அசிஸ்டன்ட் ஆனார். 2010-இல் தீவில் புதுக் கிளினிக் கட்டி டாக்டரின் பெயரை வைத்தார்கள். அதே ஆண்டுக் கடைசியில் அவர் புற்றுநோயால் காலமானார். கிளினிக் மூடப்படவில்லை. காரணம், அந்த அம்மாள் தீவுக்காரி. வெளியிலிருந்து வருகிறவருக்கு மாற்றல் வரும், பிள்ளைகள் படிப்பு வரும், மனைவிக்கு ஊர் பிடிக்காமல் போகும். ஊர்ப் பிள்ளைக்கு ஊரே வீடு.

கொட்டகை எப்படிக் காலியாயிற்று?

நம் பக்கம் திரும்புவோம். 1950-களில் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினார்கள். உங்கு அசிஸ் அவர்கள் 1951 முதல் 1960 வரை நடந்த அந்தத் துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். ஐம்பது ஏக்கர், நூறு ஏக்கர் வாங்கிய சிறு முதலாளி டிரஸ்ஸர் வைப்பானா? அதே காலத்தில் அரசாங்கம் கம்பங்களுக்குச் சுகாதாரத் திட்டம் கொண்டுவந்தது. 50,000 பேருக்கு ஒரு பெரிய நிலையம், அதன் கீழ் நான்கு துணை நிலையங்கள், இருபது மருத்துவச்சி நிலையங்கள் என்பது ஏற்பாடு. அருமையான திட்டம். கம்பத்துப் பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் தோட்டம் தனியார் நிலம், அங்கே முதலாளி பார்த்துக்கொள்வார் என்ற எண்ணத்தில் தோட்டப்புறம் அந்தக் கணக்கில் சரியாகச் சேரவில்லை. முதலாளியோ ஆளைக் குறைத்தார். இரண்டுக்கும் நடுவில் நாம் நின்றோம்.

பிறகு வந்தது உங்களுக்கே தெரியும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள் தேவை குறைந்தது, நம் பிள்ளைகள் டவுனுக்குப் போனார்கள், தோட்டங்கள் வீடமைப்புக்கு விலை போயின. இன்றும் பெரிய கம்பெனித் தோட்டங்கள் சிலவற்றில் மருத்துவ உதவியாளர் இருக்கிறார். அங்கே மருந்து வாங்க வரிசையில் நிற்பவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நம்மைவிட அதிகம்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் (பெயர் வேண்டாம்) நிலம் கைமாறியபோது டிரஸ்ஸர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. ஆஸ்பத்திரிக் கொட்டகையில் உர மூட்டை அடுக்கினார்கள். ஒரு நாள் காலை இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இழுப்பு கண்டு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. என் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். கிளினிக் போய்ச் சேர முக்கால் மணி நேரம். புகை மருந்து பிடிக்க வைத்த பத்தாவது நிமிடம் பையன் கண் திறந்து, தன் புத்தகப் பை எங்கே என்று கேட்டான். அந்தப் புகை மருந்துக் கருவி ஒரு சின்னப் பெட்டி அளவுதான். பழைய கொட்டகையில் ஒரு மூலை போதும் அதை வைக்க. அதைப் பிடிக்கத் தெரிந்த ஆள்தான் இல்லை.

2010 ஜனவரியில் அரசாங்கம் 'கிளினிக் 1மலேசியா' என்று ஐம்பது சிறு கிளினிக்குகளைத் திறந்தது. உதவி மருத்துவ அதிகாரியும் தாதியும் இருப்பார்கள், கட்டணம் ஒரு வெள்ளி. டாக்டர் இல்லாமல் கிளினிக்கா என்று மருத்துவர் சங்கம் ஆட்சேபித்தது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதைக் கேட்டு வியப்புத்தான் வந்தது. நாம் அப்படித்தானே வளர்ந்தோம்! ஆனால் அந்தக் கிளினிக்குகளில் பெரும்பாலானவை டவுன் குடியிருப்புகளில் அமைந்தன.

தேடி வைத்துக்கொள்வது எப்படி?

நோய் வந்த பிறகு தேடுவது பலருடைய வழக்கம். நல்ல பகல் பொழுதில் தேடி வையுங்கள். உங்கள் தோட்டத்தில் மருத்துவ உதவியாளர் இருந்தால், அவர் பதிவு பெற்றவரா, இரவில் எங்கே தங்குகிறார், விடுமுறை நாளில் யார் பார்க்கிறார்கள் என்று ஆபீசில் கேளுங்கள். கேட்பது வம்பு ஆகாது. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டோடு மருத்துவ வசதியைப் பற்றியும் பேசுகிறது. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் சங்கத் தலைவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

இல்லையென்றால், அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கின் நேரத்தை எழுதிக் கதவில் ஒட்டுங்கள். கிளினிக் மூடிய பிறகு ஆஸ்பத்திரிதான் கதி. ஆற்றுக்கு வடக்கே இருப்பவர்களுக்குத் தஞ்சோங் காராங், தெற்கே இருப்பவர்களுக்குத் தூரத்தைப் பொறுத்துக் கிள்ளான் அல்லது சுங்கை பூலோ. 999-ஐ அழைத்தால் 'தோட்டத்துக்கு வாங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த ரோடு, எந்த கேட், எத்தனையாவது லயம் என்று சொல்ல வேண்டும். கேட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடும் தோட்டங்களில் காவல்காரரின் நம்பர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும். ஆம்புலன்ஸ் கேட்டில் நின்று ஹார்ன் அடித்த கதைகள் நமக்குத் தெரியும்.

மருத்துவ உதவியாளரிடம் போனால், உங்கள் வேலையை முதலில் சொல்லுங்கள். காய்ச்சல் என்றதும் டெங்கியை நினைப்பார்கள், சரிதான். காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்கியில் ஆபத்து அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் குலை வெட்டுகிறவர், வெட்டுப்பட்ட காலோடு ஈரத்தில் நடக்கிறவர் என்று தெரிந்தால் எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலையும் அவர் சந்தேகிப்பார். மருந்து அடிக்கும் பெண்கள் தோம்பில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேராக்குவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்கு முன் எத்தனை பெண்கள் மூக்கில் ரத்தம் வடிய, நகம் கறுத்துப் போய், 'சூடு' என்று நினைத்து இளநீர் குடித்துப் படுத்தார்கள்! பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் உண்டு.

நீல அட்டை இல்லாத நம்மவர் சிலர், கட்டணத்துக்குப் பயந்து கிளினிக் பக்கமே போவதில்லை. அட்டை இல்லாதவரிடம் வெளிநாட்டார் கட்டணம் கேட்கிறார்கள் என்பது உண்மை. அதற்காக நெஞ்சு வலியோடு வீட்டில் படுக்கலாமா? முதலில் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு, பிறகு அட்டைக்கு அலையலாம்.

இனி வரப்போகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளிடம் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால் டாக்டர் என்கிறார்கள், கிடைக்காவிட்டால் பாக்டரி என்கிறார்கள். நடுவில் இப்படி ஒரு படிப்பு இருப்பது பெற்றோருக்கே தெரியவில்லை. மலாய், கணிதம், அறிவியல் மூன்றிலும் நல்ல தேர்ச்சி இருந்தால் உதவி மருத்துவ அதிகாரிப் படிப்புக்கு மனுப் போடலாம். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிகளில் சொல்லித் தருகிறார்கள். தனியார் கல்லூரிகளிலும் உண்டு, ஆனால் செலவை விசாரித்துக்கொண்டு போக வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு நம் பேச்சு புரியும். "குளுகுளுன்னு வருது", "நெஞ்சுல எரியுது", "பிள்ளைக்குப் பால் வாங்கலை" என்று நம் பெண்கள் சொல்வதை அவனுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டாம்.

சென்ற பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்து, "டிரஸ்ஸர் வேலைன்னா ஆம்பளைங்கதானே சார்?" என்று கேட்டார். நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. இப்போது பெண்களும் படிக்கிறார்கள், வேலையும் பார்க்கிறார்கள் என்று சொன்னேன். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவரும் மகளும் வந்து, எந்தெந்தப் பாடம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள்.